சுக்கான் இருந்த இடங்கள்

சிப்பித்துறையில் சுக்கான் என்கிற ஒரே நாய் பாதி ஊரின் வாசல்களில் ஒரே நேரத்தில் படுத்துக்கிடந்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், நெத்திலி நன்றாகப் பட்ட ஒரு வருஷத்தைப் பற்றிச் சொல்வதுபோல, ஆமாம், அப்போது அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிழிந்த வலையைப் பொத்தப் போய்விடுவார்கள்.

அந்த நாயைப் பழக்கியவள் மெட்டில்டா, ஊர்ப் பால்வாடி டீச்சர். ஐஸ் பிளாண்ட் பக்கம் கிடந்த செவலைக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன் அவள் புருஷன் கஸ்பார். அடுப்படியில் அதை இறக்கிவிட்டு, "இதுக்கு என்னமாவது தின்னக் குடு" என்றான். கடல்காரன் வீட்டு நாய் என்பதால் வள்ளத்தைத் திருப்பும் சுக்கானின் பேரையே வைத்தான். அதற்கப்புறம் அதைப் பற்றி அவன் அதிகம் யோசிக்கவில்லை. பிள்ளையில்லாத அந்த வீட்டில் யோசிப்பதற்கு நேரமிருந்தவள் மெட்டில்டாதான். உட்கார், படு, கை குடு, வா என்ற நாலு சொல்லையும் சுக்கான் ஒரு தவக்காலம் முடிவதற்குள் படித்துவிட்டது. தெருவில் எல்லாரும் வந்து அதன் காலைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள், ஊருக்கு அவ்வளவே போதுமாக இருந்தது. ஆனால் அனா ஆவன்னா படித்த பிள்ளையை அதோடு நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவது மெட்டில்டாவின் குணத்தில் இல்லை.

அவள் அதற்கு 'இரு' என்ற பாடத்தை ஆரம்பித்தாள். இரு என்று சொல்லி, உள்ளங்கையைக் காட்டி, ஓரடி பின்னால் போய்த் திரும்பி வந்து சாளைக் கருவாட்டில் ஒரு துண்டு கொடுத்தாள். பிறகு கிணற்றடிவரை போய் வந்து கொடுத்தாள். பிறகு சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று வந்து கொடுத்தாள். பிறகு பூனை குறுக்கே போகும்போதும், பக்கத்து வீட்டுப் பிரகாசி தலையில் மீன்கூடையோடு கடந்து போகும்போதும், கோயில் திருவிழாவில் பேண்டுக்காரர்கள் முழக்கிக்கொண்டு போகும்போதும், வெடிச் சத்தத்தில் காக்கையெல்லாம் ஊரைவிட்டுப் பறக்கும்போதும் இரு என்றாள், அது இருந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, "போதும், வா" என்று சொல்லி அதை விடுவித்தாள். "இருன்னு சொல்லுதது பாதிப் பாடம், போதும்னு சொல்லுததுதான் மீதிப் பாடம். அதைச் சொல்லாம விட்டா பிள்ளை பாவம்" என்பாள்.

"நாய்க்கு இம்புட்டுப் படிப்பு எதுக்கு?" என்று கஸ்பார் கேட்பான்.

"படிச்சா ஒண்ணும் குறைஞ்சிராது. சோறு போடுதேன், இருங்க."

அவனும் இருப்பான். கஸ்பார் அதிகம் பேசாதவன், சொன்ன இடத்தில் உட்காருகிறவன், கொடுத்ததைத் தின்கிறவன். அந்த வீட்டில் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் ரெண்டு பேர் என்று தெருவில் கேலி செய்வார்கள். மெட்டில்டாவும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

பிறகு ஒருநாள் பால்வாடியில் ஒரு பிள்ளை புளியங்கொட்டையை மூக்கில் ஏற்றிக்கொண்டது. வாசலில் சுக்கானை இருக்கச் சொல்லியிருந்த மெட்டில்டா அந்தப் பதற்றத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள், பொழுது சாயத் திரும்பி வந்தாள். வீட்டு வாசலில் சுக்கான் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அவள் அதற்குச் சோறு வைத்தாள். மறுநாள் அதைக் கூட்டிக்கொண்டு பால்வாடிக்குப் போனபோது, அங்கே வாசலில், முன்னங்கால்மேல் தாடையை வைத்துக்கொண்டு, அவள் ஆட்டோவில் போன பாதையைப் பார்த்தபடி சுக்கான் படுத்திருந்தது. கூட வந்த சுக்கான் அதை ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. கண்ணாடிக்கு முன்னால் போகிறவன் தன்னைப் பார்த்துக்கொள்வதுபோலத்தான், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

கருவாட்டுக் கூடையோடு வந்த பிரகாசி நின்று இரண்டையும் பார்த்தாள்.

"நேத்து போதும்னு சொன்னியா?"

"மறந்துட்டேன் அக்கா."

"அப்ப அது என்ன செய்யும், பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் யாவாரத்துக்குப் போனாள்.

மெட்டில்டா போதும் என்றாள். படுத்திருந்தது எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, மற்றதோடு சேர்ந்து வீடுவரை நடந்தது; வாசற்படியில் இரண்டும் ஒன்றாகக் கால் வைத்தன, உள்ளே ஒரு நாய் வந்தது. அதன் முதுகில் பால்வாடி உப்புமாவின் வாசனை இருந்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதலில் பிரகாசி வந்து, கருவாடு காயப்போடும் மணலில் காக்கைத் தொல்லை தாங்கவில்லை, அங்கே ஒரு சுக்கானை இருக்கச் சொல் என்று கேட்டாள், மெட்டில்டா சொன்னாள். பிறகு புருஷன் வெளியூரில் இருக்கிற பெண்கள் தங்கள் வாசலுக்குக் கேட்டார்கள், உண்டியல் காணாமல் போனபிறகு கோயிலுக்குக் கேட்டார்கள், வாதத்தில் விழுந்து பேச்சுப்போன இன்னாசியின் கட்டிலடிக்குக் கேட்டார்கள். அவர் தன் கையை அதன் தலைமேல் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். எந்த வாசலில் சோறு வைத்தாலும் எல்லாச் சுக்கானுக்கும் வயிறு நிறைந்தது என்பதால் நாயைப் பட்டினி போட்ட பழி யாருக்கும் வரவில்லை, நான் வைத்த மீனில்தான் அது வளர்ந்தது என்ற பெருமை எல்லாருக்கும் வந்தது. வெறிநாய் ஊசி போட வந்தவர்கள் கோயில் வாசலில் இருந்ததற்குக் குத்தியபோது தெரு முழுக்க ஒரே குரலில் ஊளை கேட்டது, அவர்கள் மருந்து மிச்சம் என்று திரும்பிப் போனார்கள். பங்குச் சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், ஆண்டவர் எங்கும் இருக்கும்போது அவர் படைத்த நாய் நாலு இடத்தில் இருக்கக் கூடாதா என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி எதுவும் பேசாமல் இருந்துகொண்டார்.

மெட்டில்டா எங்கே நின்றாலும், இடத்தின் பேரைச் சொல்லிப் போதும் என்றால் அந்த இடத்துச் சுக்கான் எழுந்து வீட்டுக்கு வந்துவிடும். வரும்போது இருந்த இடத்தின் வாசனையையும் மண்ணையும் கொண்டுவரும். மற்றபடி, எங்கே என்ன பார்த்தது என்று சொல்லத் தெரியாது. நாய்க்கு எவ்வளவு படிப்பித்தாலும் அந்தப் பாடத்தைப் படிப்பிக்க முடியாது.

கஸ்பார் போனது ஒரு மார்கழியில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். காற்று சரியில்லை, யாரும் கடலுக்குப் போகவில்லை. அவன் மட்டும் தனியாகப் பைபர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நின்றான். மெட்டில்டா கரைக்கு ஓடினாள். இருங்க என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, அவன் தன் முகத்தைப் பார்க்காமல் வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, அந்தச் சொல் வரவில்லை. காலடியில் நின்ற சுக்கானிடம், "அவரோட இரு" என்றாள். ஒரு சுக்கான் தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் தாவி ஏறியது, ஒன்று அவள் காலடியிலேயே நின்றது. கஸ்பார் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"இதையும் அனுப்பணுமா?"

"துணைக்குத்தான்."

அவன் இன்ஜினை இழுத்தான்.

வள்ளம் வடக்கே வெகுதூரத்தில் கவிழ்ந்து கிடந்தது. தேடப் போனவர்கள் எல்லாரும் தேடினார்கள், கடல் எதையும் திருப்பித் தரவில்லை. ஆளில்லாத பெட்டிக்குள் அவனுடைய கல்யாண வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் மடித்து வைத்து, சாமி ஜெபம் சொல்ல, கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார்கள். பிரகாசி மெட்டில்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து மண்ணில் உருண்டு அழுதாள்.

கடலுக்குப் போன சுக்கானை மெட்டில்டா கூப்பிடவில்லை. அவரோடு இருந்தது போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அது வந்துவிடும், வந்தால் அந்த இருட்டுக்குள் அவர் தனியாகக் கிடப்பார் என்று நினைத்தாள். சாமியும் அதுவே சரி என்றார். அவள் வீட்டுச் சுக்கானுக்கு வைக்கும் சோற்றில் தினமும் ஒரு கவளம் கூடுதலாக வைத்தாள், கடலடியில் இருப்பதற்கும் வயிறு நிறையட்டும் என்று. சில நாள் காலையில் அது ஏற்கெனவே வயிறு புடைத்துக் கிடந்து சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது. தெருவில் யாராவது வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சில நாள் வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் ஊரிலுள்ள எல்லாச் சுக்கானும் ஒரே நேரத்தில் குளிரில் நடுங்கும். மெட்டில்டா கஸ்பாரின் பழைய போர்வையை எடுத்து அதன்மேல் போடுவாள்.

"கடலடி குளிரும்லா" என்று பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு சுக்கான் தளர்ந்தது. பின்னங்கால் இழுத்தது, கண்ணில் பூ விழுந்தது. கால்நடை டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஒரு நாய்க்கு வர்ற மூப்பு இல்ல டீச்சர். இத்தனை வீட்டுல இருக்கிற நாய் இத்தனை வீட்டு வயசையும் சேத்துத்தான் சுமக்கும். கொஞ்சம் கொறைங்க" என்றார்.

அவள் ஒவ்வொன்றாக விடுவித்தாள். கருவாட்டு மணலில் இருந்தது வந்தது, கோயிலில் இருந்தது மெழுகுவர்த்தி வாசனையோடு வந்தது, இன்னாசியின் கட்டிலடியில் இருந்தது தைல வாசனையோடு வந்தது. ஒவ்வொன்று வந்து சேரும்போதும் வீட்டுச் சுக்கானின் கால் கொஞ்சம் தேறியது. வாசல் காலியானவர்கள் மூக்கைச் சிந்தினாலும் யாரும் மறுக்கவில்லை. கடைசியில் மிஞ்சியது கஸ்பாரோடு போனது. அதைப் பற்றி அவள் பேச்செடுத்ததும் ஆட்கள் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

"அதை மட்டும் விட்டுரு மெட்டில்டா" என்றாள் பிரகாசி. "அவர் தனியாயிருவாரு."

"அது போன இடத்திலேயே இருக்கட்டும் டீச்சர்" என்றார் சாமி. "செத்தவங்ககிட்ட கொடுத்ததைத் திரும்பக் கேக்கக் கூடாது."

வலைக்காரர்களும் வந்து சொன்னார்கள், படகுக்காரர் மனைவி காப்பியோடு வந்து சொன்னாள், பேச முடியாத இன்னாசிகூடக் கட்டிலில் கிடந்தபடியே கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். தன்மேல் ஊருக்கு இவ்வளவு பிரியமா என்று மெட்டில்டா வியந்தாள். ஆனாலும் நாய் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள் காலை கரையில் நின்று, கடலைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல, "அவரோட இருந்தது போதும், வா" என்றாள்.

கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, நனைந்து வரும் நாயைத் துவட்டுவதற்காகத் தினமும் காலையில் கரையில் காத்திருந்தாள். அலை வந்தது, பாசி வந்தது, யாருடைய செருப்போ ஒன்று வந்தது. நாய் கடலிலிருந்து வரவில்லை. அது வந்தது கரையிலிருந்து. பஸ் வரும் ரோட்டிலிருந்து, கடைத்தெரு வழியாக, பட்டப்பகலில், நொண்டி நொண்டி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் வந்தது. அதன் கால்களில் செம்மண் காய்ந்து பாளமாக ஒட்டியிருந்தது. ரோமத்தில் சோப்பு வாசனையும், திராட்சைக் கொடிக்கு அடிக்கும் மருந்தின் கந்தக நெடியும் அடித்தன. கழுத்தில், பெண் பிள்ளைகள் ஜடையில் கட்டும் ரோஸ் ரிப்பன் ஒன்று பூப்போல முடிந்திருந்தது.

தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒரே நாய் பல இடத்தில் இருந்தபோது ஆச்சரியப்படாதவர்கள் இதற்கும் ஆச்சரியப்படவில்லை; ஆனால் அப்போதெல்லாம் நாயைப் பார்த்தவர்கள் இப்போது நாயைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்கள். மெட்டில்டாவுக்கு அதிலிருந்துதான் எல்லாம் புரிந்தது. ரிப்பனைப் பார்த்துக்கூட அவளுக்கு அவ்வளவு புரியவில்லை.

நாய் வாசற்படியேறி வீட்டுக்குள் இருந்ததோடு சேர்ந்தது. அவள் படியிறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பிரகாசி அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"அவரை எப்பப் பாத்த?"

பிரகாசி ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "மறு வருஷம். கம்பம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோனேம்லா, அப்ப. திராட்சைக் கூடை இறக்கிட்டு நின்னாரு. ஆவின்னுதான் முதல்ல நினைச்சேன். காலடியில சுக்கான் கிடந்தது."

"அவர் என்ன சொன்னாரு?"

"கையெடுத்துக் கும்பிட்டாரு. அவ்வளவுதான்."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

பிரகாசி தெருப்பக்கம் பார்த்தாள். அதுவே பதிலாக இருந்தது.

"சாமிக்கு?"

"தெரியும்."

"வருஷாவருஷம் அவர் பேர்ல பூசை வச்சாரே."

"நீ கேட்ட, வச்சாரு."

"கடலடி குளிரும்னு சொன்னியே அக்கா."

பிரகாசி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நீ அப்பத்தான் ஒரு வழியா அழுது முடிச்சிருந்த. செத்தவருக்கு அழுதா ஒருநாள் முடியும், உயிரோட இருக்கவருக்கு அழுதா முடியுமா? அதான் சொல்லல. இன்னொண்ணும் உண்டு, பொய் சொல்லக் கூடாது. மனசு வெறுத்துப்போய் நீ எல்லாச் சுக்கானையும் போதும்னு கூப்பிட்டுருவியோன்னு ஒரு பயம். எங்க வாசல்ல அது இருந்த நாள்லதான் நாங்க கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினோம்" என்றாள்.

மெட்டில்டாவுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. தான் தினமும் நடந்துபோன தெரு, தினமும் வணக்கம் டீச்சர் என்று சொன்ன தெரு, தன் கூடுதல் கவளத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தெரு என்று நினைத்தபோது, தன் வீட்டிலேயே துணியில்லாமல் நின்றுகொண்டிருந்ததை இப்போதுதான் அறிந்ததுபோல இருந்தது.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் சுக்கானோடு கம்பத்துக்குப் போனாள். அங்கே இறங்கியதும் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நாய்தான் முன்னால் போனது. திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே செம்மண் பாதையில் அது வேகமாக, காலை இழுக்காமல் நடந்தது. மலைக்காற்று சில்லென்று அடித்தது. பந்தல் ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு வீடு. உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தை, பால்வாடியில் படிக்கிற வயசு, ஒரு ஜடையில் மட்டும் ரிப்பனோடு, "ராசா வந்துருச்சு, அம்மா, ராசா வந்துருச்சு" என்று ஓடிவந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பின்னால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அதன் அம்மா வந்தாள். வெயிலில் நின்ற மெட்டில்டாவைப் பார்த்ததும் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"யாருங்க, நாயைக் கொண்டாந்து விட வந்தீகளா? பிள்ளை சோறு தண்ணியில்லாம கெடந்துச்சு."

பந்தலுக்கு அடியிலிருந்து கஸ்பார் வந்தான், கொடி வெட்டும் கத்தரியோடு. கொஞ்சம் சதை போட்டிருந்தான், உப்புக்காற்று போன முகம் வெளுத்திருந்தது. அவன் நின்றுவிட்டான்.

"தவமணி, எங்க ஊர்க்காரங்க" என்றான்.

தவமணி என்ற அந்தப் பெண்ணின் முகம் இளகியது. "அய்யோ, உங்க ஊரே கடல்ல போயிருச்சுன்னு இவுக சொன்னாக. சொந்தம்னு ஒருத்தரு மிச்சமில்லைன்னாக."

"நான் தப்பிச்சுட்டேன்" என்றாள் மெட்டில்டா. தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "அங்க நான் பால்வாடி டீச்சர்."

தவமணி காப்பி போட உள்ளே போனாள். பந்தல் நிழலில் அவர்கள் இருவரும் நின்றார்கள்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்குக் கடல் பயம் வந்துருச்சு மெட்டில்டா. ஒரு தடவை வள்ளம் புரண்டு வந்தேம்லா, அப்பலருந்து. ஊர்ல சொன்னா சிரிப்பானுவ."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்டச் சொன்னா நீ இருங்கன்னு சொல்லுவ. நீ சொன்னா நான் இருந்துருவேன். உக்காருன்னா உக்காந்து, இருன்னா இருந்து... அன்னைக்கு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டேன். அதனாலதான் உன் முகத்தைப் பாக்காம வள்ளத்தைத் தள்ளினேன். கரையை ஒட்டியே வடக்க போயி, வள்ளத்தை நானே கவுத்துவிட்டுட்டு பஸ் ஏறினேன்."

"பெட்டிக்குள்ள உங்க சட்டையை வச்சுப் புதைச்சேன். நானே தேய்ச்சு மடிச்சு வச்சேன்."

அவன் தலை குனிந்தான்.

"நாயை ஏன் விரட்டல?"

"விரட்டாமலா? கல்லால அடிச்சேன், ஆத்துக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டேன். வந்துரும். நீ சொல்லிவிட்டதுல்லா. ராத்திரி முழிச்சா காலடியில கிடந்து என்னையே பாக்கும். நீ பாக்குத மாதிரியே இருக்கும். பிள்ளை பிறந்தபிறகுதான் அது என்னைப் பாக்குறதை விட்டுட்டு அவளைப் பாக்க ஆரம்பிச்சது."

காப்பி வந்தது. மெட்டில்டா அதைக் குடித்தாள். தவமணியிடம் சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்ததை, வாசலில் நாயின் காதுக்குள் எதையோ குசுகுசுத்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து, காப்பியோடு சேர்த்து விழுங்கினாள். அது தயவா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. தானும் இப்போது அந்தத் தெருவில் ஒருத்தி ஆகிவிட்டதாக மட்டும் தோன்றியது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"சுக்கான், வா."

நாய் அவளைப் பார்த்தது. வால் நுனி அசைந்தது. எழவில்லை.

அவள் பாதைவரை நடந்துபோய்த் திரும்பி நின்று, எந்த இடத்திலிருந்தும் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் அந்தச் சொல்லை, பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "போதும். வா."

சுக்கான் தாடையை அந்தப் பிள்ளையின் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. இரண்டாகவும் ஆகவில்லை, ஒரே நாயாக அங்கே கிடந்தது. எல்லா வாசலிலும் சொன்னதால் இருந்த நாய், இந்த வாசலில் யாரும் சொல்லாமல் இருந்தது.

"நான் இருக்கச் சொல்லல மெட்டில்டா" என்றான் கஸ்பார்.

"தெரியும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தேனி தாண்டும்வரை அழுதாள். புருஷனுக்கான அழுகையை எப்போதோ அழுது தீர்த்திருந்தாள், இது அது இல்லை. ஊட்டி வளர்த்து, ஒவ்வொரு கருவாட்டுத் துண்டாக, ஒவ்வொரு அடியாகப் படிப்பித்த நாய் கடைசியில் தான் படிப்பிக்காத ஒன்றைப் படித்துக்கொண்டுவிட்டதே என்று அழுதாள்.

சிப்பித்துறையில் இறங்கியபோது தெரு வாசலில் நின்றது. பிரகாசிதான் முதலில் கேட்டாள்.

"சுக்கான் எங்க?"

மெட்டில்டா யோசித்துச் சொல்லவில்லை, அது தானாக வாயில் வந்தது. "செத்துப்போச்சு. வழியிலயே. ஆத்தங்கரையில குழிதோண்டிப் புதைச்சுட்டு வாரேன்."

ஊர் அழுதது. உண்மையாகவே அழுதது. கஸ்பார் போனபோது எப்படிச் சீனியும் காப்பித்தூளும் கொண்டுவந்தார்களோ அப்படியே கொண்டுவந்தார்கள், பாயை விரித்து உட்கார்ந்தார்கள், எங்கள் வாசலில் இப்படிக் கிடக்கும், எங்கள் கையில் இப்படித் தின்னும் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சாமி கோயில் மணியை ஒருமுறை அடிக்கச் சொன்னார். இன்னாசி கட்டிலடியில் வெறும் காற்றைத் தடவிக்கொண்டு கண்ணீர் விட்டார். மெட்டில்டா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முதல் நாள் அது இனித்தது. இன்னாசியைப் பார்த்தபிறகு இனிக்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னதைத் திருத்தவில்லை. அவளுக்கு யார் திருத்திச் சொன்னார்கள்?

அடுத்த மாதம் பிரகாசி கருவாட்டு மூட்டையோடு கம்பம் சந்தைக்குப் போய்த் திரும்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல், காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே பால்வாடி வாசலுக்கு வந்தாள். மெட்டில்டா பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாவாரம் எப்படி அக்கா?"

"நல்லா இருந்துச்சு."

"வேற விசேஷம்?"

பிரகாசி அவள் கண்ணைப் பார்த்தாள். கம்பத்தில் பார்த்ததைத் தெருவில் யாரிடம் போய்ச் சொல்வாள், அழுது முடித்தவர்களிடம் என்னவென்று சொல்வாள் என்பதெல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அங்க வெயிலா?"

"இல்ல. குளிருதான்."

மெட்டில்டா அடுத்த தட்டில் சோற்றை வைத்து, முட்டையை உரித்து, இரண்டாகப் பிளந்து போட்டாள். பிரகாசி கூடையை மாற்றி வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள். மெட்டில்டா அவளைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.